மடிப்புக் கலையாமல்

வேனுக்குள் இருந்த பெஞ்சுப் பெட்டியின் மூடி தானாகவே மூடிக்கொண்டது.

அதுதான் முதலில் அவளுக்கு உறுத்தியது. அந்த மூடி அப்படி மூடுகிற ரகமே இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் கம்பளிகளைத் திணித்து, மேலே ஏறி உட்கார்ந்து, முழங்காலால் ஒரு அழுத்து, கையால் ஒரு குத்து, வாயால் இரண்டு திட்டு, இத்தனையும் கொடுத்தால்தான் கொக்கி மாட்டும். இன்றைக்கு அவள் விரல் பட்டதுமே மெத்தென்று இறங்கி, கிளிக் என்று மாட்டிக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

சுர்ரென்று ஏறியது அவளுக்கு. யாரோ கம்பளியை உருவியிருக்கிறார்கள். வேறென்ன? தலையணைகளை எடுக்க அவள் வீட்டுக்குள் போன நேரம் பார்த்து, எதற்கு இத்தனை மூட்டை என்று ஒரு மேதாவி கிளம்பி வந்திருப்பான். மலை மேல் குளிரில் பல் கிட்டிக்கும்போது அதே மேதாவிதான், "ஏம்மா, கம்பளி எடுத்து வைக்கலையா?" என்று கேட்பான்.

மேதாவி ஹாலில் இருந்தான். சோபாவில் மல்லாந்து, வயிற்றின் மேல் போனை நிறுத்தி வைத்து, மலைப்பாதை வளைவுகளில் யாரோ வண்டி ஓட்டுகிற வீடியோவில் ஆழ்ந்திருந்தான். டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் கிளட்ச் மிதிக்கக் கற்றுத் தருகிற ஆள் அவள் கணவன். அவனைப் பொறுத்தவரை பயணம் என்பது சாவியைத் திருகும்போது தொடங்குவது. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் பெண்டாட்டி சமாசாரம்.

"என்னங்க, வேன்ல வச்ச கம்பளிய எடுத்தீங்களா?"

"நான் இங்கருந்து எந்திரிக்கவே இல்லையே."

"அதுதான் தெரியுதே."

"இங்க பாரு, நீ அடுக்கு, நான் ஓட்டுறேன். ஆளுக்கொரு டிபார்ட்மென்ட்."

"போய் இறங்கினதும் எல்லாத்தையும் எடுத்து வெளிய வைக்கிறது யாரு டிபார்ட்மென்ட்?"

அவன் வீடியோவை நிறுத்தாமலே சிரித்தான். "அதுவும் உன்னோடதுதான். எது எங்க இருக்குன்னு உனக்குத்தானே தெரியும்?"

பதில் சொன்னால் சண்டை. சண்டை வந்தால் பயணம் போச்சு. போன தடவை அப்படித்தான் ஆனது. பாதி வழியில் ஒரு வாய்த்தகராறு, வண்டியைத் திருப்பு என்றாள் அவள், திருப்பிவிட்டான் அவன். பின் சீட்டில் இருந்த சின்னவள், "அப்பா ஒரு வீட்லயும் அம்மா ஒரு வீட்லயும் இருப்பீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவள் நெஞ்சுக்குள் எங்கேயோ சிக்கிக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இந்த மழைக்காலம் முழுக்கக் கிடந்தது. இந்த முறையாவது நாலு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் மருந்துக் குடோனில் ஞாயிற்றுக்கிழமைகளை விற்று லீவு வாங்கியிருந்தாள். அதற்காகத்தான் இப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினாள்.

வீட்டை ஒட்டிய ஷெட். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே தெரிந்த வெளிச்சம் மேகம் மூடி, பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் இருந்தது. இருட்டுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்றால் இப்போதே கிளம்பியிருக்க வேண்டும். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வேன், பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பழைய சரக்கு வேன்தான். உள்ளே படுக்கை, பெஞ்சு, ஒற்றை அடுப்பு, தலைக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன அலமாரிகள் எல்லாம் வைத்து, ஒரு குடும்பம் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பதற்கான ஏற்பாடு.

பெட்டியைத் திறந்தாள்.

கம்பளிகள் இருந்தன. எல்லாமே இருந்தன. பெட்டியில் பாதி இடம் காலியாக இருந்தது.

துணிக்கடையில் அட்டை வைத்து மடித்த புதுச் சட்டையைவிட மெலிதாக மடிக்கப்பட்டிருந்தன அவை. ஒன்றைக் கையில் எடுத்தாள். எடை அதே எடை. ஆனால் பஞ்சுத்தனம் போயிருந்தது. விளிம்பு விரலைக் கீறும் போல இருந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசம் வந்தது. அந்த வாசத்துக்கு அடியில் இன்னொன்று, வெகுநேரம் மூடியே இருந்த வாயைத் திறந்தால் வருமே, அந்த நெடி.

ஒரு கணம் கோபம் இறங்கியது. பெரியவன் உதவி செய்திருக்கிறானோ?

பெரியவன் அறையில் காதில் ஹெட்போனோடு கட்டிலில் கிடந்தான். பள்ளிக்கூட நீல பேன்ட்டோடு பத்தாவது படிக்கிற கால்கள் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தரையில் அவன் பை வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே ஒரு சார்ஜர் மட்டும் இருந்தது.

"கம்பளிய நீயாடா மடிச்ச?"

ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கினான். "என்னது?"

"கம்பளி. மடிச்சு வச்சது."

"அம்மா, நான் என் ஜட்டியையே மடிக்கிறதில்ல."

"அதைப் பெருமையா வேற சொல்லு."

வாசலில் சின்னவள் மூன்று சக்கர சைக்கிளோடு வழி மறித்து நின்றாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. பெயருக்கேற்ற உருவம், அதற்குச் சம்பந்தமில்லாத அதிகாரம்.

"இதுவும் வரும்."

"இடமில்லடி."

"அப்ப நானும் வரல."

"ரொம்ப நல்லது. ஒரு ஆள் இடம் மிச்சம்." சொல்லிவிட்டு, குழந்தையின் உதடு பிதுங்குவதைப் பார்க்காதது போல நடந்தாள். பார்த்தால் இரக்கம் வரும். இரக்கத்துக்கெல்லாம் இப்போது நேரமில்லை.

பாத்திரப் பையை வேனுக்குள் வைத்துவிட்டு முட்டைத் தட்டு எடுக்கப் போனாள். திரும்பி ஷெட் வாசலில் கால் வைக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

நீளமாக ஒரு தடவல். படுக்கை விரிப்பின் சுருக்கத்தை யாரோ உள்ளங்கையால் நீவி விடுவது போல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், அவசரமே இல்லாமல். கொஞ்சம் இடைவெளி. பிறகு கிளிக்.

வேனுக்குள் யாரும் இல்லை. தரையில் வைத்த பாத்திரப் பையும் இல்லை.

முட்டைத் தட்டை ஷெட் வாசலிலேயே வைத்துவிட்டு, அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள். பால் காய்ச்சுகிற சின்னப் பாத்திரம் நட்டநடுவில் இருந்தது. அதற்குள்ளே பெரிய குக்கர் இருந்தது.

அவள் மறுபடியும் பார்த்தாள். கையை விட்டுத் தொட்டும் பார்த்தாள். குக்கரின் பிடி, அதில் போன வருடம் தீய்ந்து போன கருப்புத் தழும்பு, எல்லாம் அதேதான். எதுவும் நசுங்கவில்லை, எதுவும் உடையவில்லை. நாலு பேருக்குச் சமைக்கிற குக்கர், ஒரு டம்ளர் பால் காய்ச்சுகிற பாத்திரத்துக்குள், இன்னும் இடம் இருக்கிறது என்பது போல ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குப் பின்னால் வலித்தது.

ஹாலுக்கு ஓடினாள்.

"என்னங்க, ஒரு நிமிஷம் வந்து பாருங்க. பெரிய குக்கர் பால் பாத்திரத்துக்குள்ள இருக்கு."

"எதுக்குள்ள எது?"

"சின்னதுக்குள்ள பெரிசு. நான் வைக்கல. வேனுக்குள்ள ஏதோ சத்தம் வேற. எனக்குப் பயமா இருக்கு."

அவன் போனிலிருந்து கண்ணை எடுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். கிளட்சையும் பிரேக்கையும் குழப்பிக்கொள்கிற புது மாணவர்களைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்.

"டேய், உங்கம்மாவுக்கு முத்திடுச்சு. குக்கரெல்லாம் குட்டி போடுதாம்."

உள்ளேயிருந்து பெரியவன் சிரிப்பது கேட்டது. அப்பா சிரிக்கிறார் என்பதால் பொடிசும் சிரித்தாள்.

"வந்து ஒரு தடவை பாருங்கங்க."

"சரி, பெரிசு சின்னதுக்குள்ள போயிடுச்சுன்னே வச்சுக்குவோம். இடம் மிச்சம்தானே? அழுதுட்டு நின்ன அந்தப் பொடிசோட சைக்கிளையும் தூக்கிப் போட்டுடு. பிரச்சினை தீர்ந்துச்சு."

பயம் அந்த இடத்திலேயே ஆவியாகிப் போனது. அதன் இடத்தில் கொதிக்கிற எண்ணெய் போல ஒன்று வந்து நின்றது. பதினைந்து பதினாறு வருடமாகச் சேர்த்து வைத்த எண்ணெய். நின்றிருந்த சைக்கிளை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள். வேனுக்குள் அதை விட்டெறிந்தாள். மடக்கு நாற்காலிகள், தண்ணீர் கேன், துணிப் பைகள், ரொட்டிப் பொட்டலம், மருந்துப் பெட்டி, கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்து வேனின் நடுவில் குப்பையாகக் கொட்டினாள். கடைசியாகப் பெரியவனின் பையும், அதனுள்ளே அந்த ஒற்றைச் சார்ஜரும்.

பிறகு கதவோரம் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த இருட்டைப் பார்த்துப் பேசினாள்.

"சரி. நீ யாரா இருந்தாலும் சரி. என் புருஷனுக்கு நீ எவ்வளவோ மேல்."

வேன் அமைதியாக இருந்தது. கவனித்துக் கேட்கிறவர்கள் அமைதியாக இருப்பார்களே, அப்படி.

குடோனில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை நிற்க வைத்து அவள் ஒப்பிக்கிற பாடம் ஒன்று உண்டு. வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பினாலும் அதே ராகத்தில் வரும். கோபத்தில் இப்போதும் அதுதான் வாயில் வந்தது. "கேட்டுக்கோ. கனமானது அடியில போகணும். நீளமானத மடக்கி ஓரத்துல வை. மெத்துனு இருக்கிறத இடுக்குல திணி. முதல்ல வேணுங்கிறது கடைசியில, மேலாக. ஒரு விரக்கடை இடம் வீணாகக் கூடாது. மடிப்புக் கலையக் கூடாது. வண்டி எவ்வளவு குலுங்கினாலும் உள்ள ஒண்ணும் அசையக் கூடாது."

மூச்சு வாங்கியது. இத்தனை நாளில் இந்த வீட்டில் அவள் பேசியதை யாரோ முழுசாகக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. அந்த நினைப்பே இன்னும் கொஞ்சம் கோபத்தைக் கிளறியது.

"உள்ள இன்னும் மூணு உருப்படி கிடக்கு. நானே தூக்கிட்டு வந்து வைக்கணும்னு காத்துட்டிருக்கு. அனுப்புறேன். அதையும் அடுக்கிடு."

சொல்லிவிட்டுச் சிரித்தும்விட்டாள். மனசில் இருந்த பாரத்தில் பாதி அந்தச் சிரிப்பில் இறங்கிவிட்டது. ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது குரல் கூடச் சாந்தமாகியிருந்தது.

"எல்லாம் வச்சாச்சு. இன்னும் வண்டியில ஏறாம கிடக்கிறது நீங்க மூணு பேர்தான். போய் ஏறுங்க. நான் முகத்தைக் கழுவிட்டு வீட்டைப் பூட்டிட்டு வரேன்."

"பாத்தியா, கோபம் போயிடுச்சு," என்று கணவன் எழுந்து நெட்டி முறித்தான். "வாங்கடா, அம்மா மனசு மாறுறதுக்குள்ள ஓடிடலாம்."

பொடிசு அவள் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "என் சைக்கிள்?"

"வச்சிருக்கேன், போ."

"நீதான் நல்ல அம்மா."

குளியலறையில் குழாயைத் திறந்தாள். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் ஷெட். தண்ணீரை முகத்தில் அறைந்துகொண்டபோது கோபத்தின் கடைசிச் சூடும் கழுத்து வழியாக வழிந்து போனது. சுவருக்கு அப்பால் செருப்புச் சத்தங்களும் வேன் லேசாகக் குலுங்குகிற கிறீச்சும் கேட்டன. பிறகு கணவனின் குரல்.

"ஆகா. எவ்வளவு இடம் பாருடா. உங்கம்மா பெரிய ஆளுதான்."

நேரில் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சோப்பை எடுத்தாள்.

"அப்பா, அது என்னது?" என்று பெரியவன் கேட்டான்.

"எது?"

நீளமாக ஒரு தடவல்.

சோப்பு அவள் கையிலேயே நின்றது. ஒரு உள்ளங்கை, அவசரமே இல்லாமல், மேலிருந்து கீழே நீவி விடுகிற சத்தம். கணவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். முதல் எழுத்து வந்தது. மிச்சத்தைக் காணோம். கொஞ்சம் இடைவெளி.

கிளிக்.

கனமானது அடியில்.

"அப்பா?" பெரியவனின் குரல் ஒரேயடியாகச் சின்னப் பையன் குரலாகிவிட்டது. "அப்பா. அப்பா, எங்க போ..."

தடவல். இந்த முறை இன்னும் நீளம். மடக்கி, மறுபடியும் மடக்கி.

கிளிக்.

அவள் குளியலறைக் கதவை இழுத்தாள். சோப்புக் கை வழுக்கியது. தாழ்ப்பாள் நழுவியது. மறுபடியும் பிடித்தாள், மறுபடியும் நழுவியது. சுவருக்கு அப்பால் பொடிசு பேசிக்கொண்டிருந்தாள். பயந்த குரலே இல்லை. யாரோ மரியாதையாக ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல்.

"இல்ல. எனக்கு மேலதான் வேணும். நான்தான் முதல்ல இறங்குவேன்."

"பொடிசு," என்று கத்தினாள். "இறங்குடி. வேனை விட்டு இறங்கு."

தடவல்.

தாழ்ப்பாள் திறந்துகொண்டது. ஹால். நடை. ஷெட் வாசல். ஓடி வந்த வேகத்தில் முட்டைத் தட்டை மிதித்தாள். கால் கொழகொழவென்று வழுக்கியது.

கிளிக்.

வேன் சுத்தமாக இருந்தது.

கொட்டிய குப்பையில் ஒரு துரும்பு இல்லை. தரை துடைத்த மாதிரி இருந்தது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அப்படியொரு அழகான அடுக்கை வாழ்நாளில் அவள் பார்த்ததில்லை. கப்புகள் வைக்கிற மேல் அலமாரியின் கதவு மட்டும் திறந்திருந்தது. அங்கே கப்புகளுக்கு நடுவே, ஒரு புத்தகத்தின் பருமனில், சிவப்பாக ஏதோ இருந்தது. மணி தெரிந்தது. மூன்று சக்கரமும் தெரிந்தது. சைக்கிள்.

இரும்பே இப்படி மடங்குமென்றால்.

"என்னங்க," என்றாள். குரல் எழும்பவில்லை. "டேய். பெரியவனே."

பெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ பதில் வந்தது. போர்வைக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி அமுங்கி, ஏற்ற இறக்கமில்லாமல். வார்த்தை புரியவில்லை. கணவனின் குரல்தான். ஏதோ ஒரு வாக்கியத்தின் முதல் எழுத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் வேனுக்குள் ஏறிப் பெஞ்சு மூடியைத் திறந்தாள்.

மேலாக இருந்தது பொடிசு.

மஞ்சள் கவுன், நாலாக மடித்தது. கவுனோடு கையும் காலும் மடித்தது. எங்கே எது என்று பிரித்துச் சொல்ல முடியாத மடிப்பு. முகம் மட்டும் மேலே, சட்டையின் காலர் வருமே அந்த இடத்தில், நேராக, சுருக்கமில்லாமல். கண் திறந்திருந்தது. சிமிட்டியது.

"அம்மா, என் கை எங்க இருக்குன்னு தெரியல."

ரத்தம் இல்லை. வலிக்கிற முகமும் இல்லை. அதற்குக் கீழே, இடுக்கில்லாமல், நீளமாக ஒரு பள்ளிக்கூட பேன்ட்டின் நீலம் தெரிந்தது. அதற்கும் கீழே ஒரு மணிக்கட்டும், ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கைக்கடிகாரமும். அவள் அதற்கு மேல் பார்க்கவில்லை.

இரண்டு கையாலும் குழந்தையை எடுத்தாள். எடை அதே எடை. இடுப்பில் தூக்கித் தூக்கிப் பழகின அதே எடை, இப்போது உள்ளங்கை அகலத்தில் இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சூடாக இருந்தது. இஸ்திரி வாசம் அடித்தது. ஓரத்தை விரலால் மெல்ல, மெல்ல நிமிண்டினாள். உள்ளேயிருந்து காய்ந்த சருகில் கால் வைத்தாற்போல ஒரு சின்னச் சத்தம் வந்தது. பொடிசின் முகம் கோணியது.

"வேண்டாம்மா."

விரலை எடுத்துவிட்டாள்.

"பிரிச்சுக் குடு," என்றாள் வேனைப் பார்த்து. முதலில் மெல்ல. பிறகு தொண்டை கிழிய. "நீதானே மடிச்ச. பிரிச்சுக் குடு. எம் பிள்ளைங்களப் பிரிச்சுக் குடுடா பாவி. நான் கோபத்துல சொன்னேன். மனுஷங்க கோபத்துல ஆயிரம் சொல்லுவாங்க. அதையெல்லாம் செய்வியா நீ?"

அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் சொல்கிற எதையும் அது இதுவரை விட்டதில்லை. ஆனால் பிரிப்பது எப்படி என்று அவள் அதற்குச் சொல்லித் தரவேயில்லை. இப்போது சொல்லலாம் என்றால், அவளுக்கே தெரியாது.

ஷட்டருக்குக் கீழே இருந்த வெளிச்சம் போய்விட்டது. பக்கவாட்டுக் கதவு, தன் தண்டவாளத்தில் சத்தமில்லாமல் ஊர்ந்து வந்து மூடிக்கொண்டது. பெஞ்சுப் பெட்டியின் மூடி இன்னும் திறந்தே இருந்தது. உள்ளே, எடுத்த இடத்துக்குப் பக்கத்தில், இன்னொரு இடம். ஒரு விரக்கடை கூட வீணாகாமல் அளந்து விட்ட இடம்.

"அம்மா," என்றாள் பொடிசு, அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு. "இப்ப உன் முறையாம். நேரா நிமிர்ந்து உக்காரச் சொல்லுது."

அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் குனிந்துகொண்டாள். பிடரியில் ஒரு உள்ளங்கை வந்து படிந்தது. வெதுவெதுப்பாக, அகலமாக, அவசரமே இல்லாமல். ரவிக்கையின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டபடி, அது முதுகெலும்பு வழியாகக் கீழே நீவத் தொடங்கியது.